நைட்ரோ பைக்குகளின் காலம்: கேள்விகளும் பதில்களும்

1975ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த ஆறு ஆண்டுகளும், பந்தயம் நடந்த வார இறுதிகளில் எல்லாம், பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள சாண்டா பாட் பந்தயத் தளத்தில் ஓர் இரட்டை எஞ்சின் டிரையம்ப் பைக்குக்கு எரிபொருள் கலப்பதும், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் கிளட்சைப் பிரித்துப் பார்ப்பதும் என் வேலையாக இருந்தன. 1950 முதல் 1980கள் வரை நைட்ரோமீத்தேன், சுருக்கமாக நைட்ரோ, என்னும் எரிபொருளில் ஓடிய டிராக் பைக்குகளைப் பற்றி, அதாவது நேரான தடத்தில் கால் மைல் தூரத்தை ஓடிக் கடக்கும் பந்தய பைக்குகளைப் பற்றிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரை அன்பர்: நைட்ரோ என்பது பெட்ரோலைவிட அதிகச் சக்தி உள்ள எரிபொருள்தானே ஐயா?

பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள்; உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு கிலோ நைட்ரோமீத்தேன் தரும் வெப்பம், ஒரு கிலோ பெட்ரோல் தருவதில் ஏறத்தாழக் கால் பங்குதான். ஆனால் நைட்ரோவின் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அது எரிவதற்கு வெளிக்காற்று அதிகம் வேண்டியதில்லை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஒரு கிலோ நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும். சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதால், அதே காற்றைக் கொண்டு எட்டு மடங்குக்கும் அதிகமான நைட்ரோவை எரிக்க முடிகிறது. எட்டரையைக் கால் பங்கால் பெருக்கிப் பாருங்கள். அதே எஞ்சினில் பெட்ரோலைப் போல இரு மடங்குக்குச் சற்று மேலான ஆற்றல் கிடைப்பது புரியும்.

ஆகவே நைட்ரோ எஞ்சின் எரிபொருளைக் குடிக்கும் எஞ்சின் அன்று, எரிபொருளில் மூழ்கும் எஞ்சின். எங்கள் தொல்லைகள் அனைத்தும் இங்கிருந்துதான் தொடங்கின. ஸ்பார்க் பிளக் நனைந்துவிடும் என்பதால், பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ வலிமையானதாக வேண்டும். கலவை மெதுவாக எரியும் என்பதால் பொறியை மிக முன்னதாகவே தர வேண்டும். பிஸ்டனைத் தாண்டி வழியும் எரிபொருள் எண்ணெயில் கலந்துவிடும் என்பதால், பத்து விநாடிகூட நீடிக்காத ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.

திருப்பூர் அன்பர்: கடைகளில் சிலிண்டராக விற்கும் நைட்ரஸும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு. அது எரிவதில்லை, எரிவதற்கு ஆக்சிஜனைத் தருகிறது. நைட்ரோமீத்தேன் திரவம், அதுவே எரிபொருள்.

லண்டன் அன்பர்: எரிபொருள் கலப்பது என்றால் அளந்து ஊற்றுவதுதானே? அதற்குத் தனியாக ஓர் ஆள் எதற்கு?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் என்று சொல்லலாம். நைட்ரோவை மெத்தனாலோடு கலப்போம். இங்கிலாந்துக்காரர்கள் நைட்ரோவைச் செல்லமாக ‘பாப்’ என்பார்கள். மெத்தனாலின் ஒப்படர்த்தி 0.79, நைட்ரோவினுடையது 1.14 என்பதால், கலவையில் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் நைட்ரோ எத்தனை சதவீதம் என்பதை அறிந்துவிடலாம். ஆனால் திரவம் சூடேறினால் விரிந்து அடர்த்தி குறைகிறது. காலையில் குளிரில் கலந்த எரிபொருளை மதிய வெயிலில் அளந்தால், நைட்ரோ குறைந்துவிட்டதைப் போல ஹைட்ரோமீட்டர் காட்டும். அதை நம்பி இன்னும் கொஞ்சம் நைட்ரோ ஊற்றுபவர், தாம் நினைப்பதைவிடக் கடுமையான கலவையோடு பைக்கைக் கோட்டுக்கு அனுப்புகிறார். அது பிஸ்டனை உருக்கிவிடும். அதனால் ஹைட்ரோமீட்டரோடு வெப்பமானியும் வெப்பத் திருத்த அட்டவணையும் என் சட்டைப் பையில் எப்போதும் இருந்தன. கேன்களை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைப்பேன்.

ஒரே ஒருமுறை தவறினேன். அது கலவையில் நிகழ்ந்த தவறு அன்று. ஓட்டம் ஒத்திவைக்கப்பட்டு பைக் திரும்பி வந்தபோது எரிபொருள் வால்வை முழுவதும் மூடாமல் விட்டுவிட்டேன். ஒரு சிலிண்டருக்குள் திரவம் மெல்ல மெல்லச் சேர்ந்தது. பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் வழக்கத்தை அன்று அவசரத்தில் விட்டுவிட்டோம். பின்சக்கரத்தை ரோலர் ஸ்டார்ட்டரில் வைத்துச் சுழற்றியவுடன், நசுங்காத திரவத்தில் பிஸ்டன் மோதியது. சிலிண்டர் பிளாக் அடித்தளத்திலிருந்து பிய்ந்தது, கனெக்டிங் ராட் வளைந்தது. யாருக்கும் காயமில்லை. ஓட்டுநர் என்னைத் திட்டவில்லை. அடுத்த வாரம் முழுவதும் அதை மறுபடி கட்டுவதற்கு மாலைதோறும் நான் அவர் வீட்டுக் கொட்டகையில் நின்றேன்.

ஈரோடு அன்பர்: என் 350 சிசி பைக்கில் பெட்ரோலோடு ஐந்து சதவீதம் மட்டும் ஊற்றலாமா?

கூடாது. நைட்ரோ பெட்ரோலோடு ஒழுங்காகக் கலப்பதே இல்லை. உங்கள் கார்புரேட்டர் அதற்கென்று செய்யப்பட்டதும் அன்று.

டொரொண்டோ அன்பர்: இரண்டு எஞ்சின், மூன்று எஞ்சின் என்று பூட்டிய பைக்குகள் வெறும் காட்சிக்காகத்தானே? எடை இரட்டிப்பு, சிக்கல் இரட்டிப்பு. ஒரே நல்ல எஞ்சினைச் செம்மைப்படுத்தியிருந்தால் போதாதா?

போதாது, அன்று அப்படி ஓர் எஞ்சின் கடையில் கிடைக்கவில்லை. 650 சிசி டிரையம்ப் எஞ்சினின் கிராங்க் கேஸ், அதாவது அதன் அடிக்கூடு, ஓரளவுக்குமேல் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும். நைட்ரோ சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போனால் உடைசல்தான் மிச்சம். சுமையை இரண்டு கேஸ்களுக்கும் நான்கு பிஸ்டன்களுக்கும் பகிர்ந்து கொடுத்தால் ஒவ்வொன்றும் தாங்கும் எல்லைக்குள் இருக்கும். கலிஃபோர்னியாவின் போரிஸ் மரே இரட்டை டிரையம்ப் கட்டியதற்கும், ஜோ ஸ்மித்தும் மரியன் ஓவன்ஸும் இரட்டை ஹார்லி கட்டியதற்கும், இங்கிலாந்தில் ஜான் ஹாப்ஸ் இரண்டு வெஸ்லேக் எஞ்சின்களைப் பூட்டி ‘ஹாபிட்’டை உருவாக்கியதற்கும் காரணம் இந்தக் கணக்குதான்.

சேலம் அன்பர்: டொரொண்டோ நண்பருக்கு நான் பதில் சொல்கிறேன். ‘ஹாக்ஸ்லேயர்’ என்ற நார்ட்டன் பைக் இரட்டை எஞ்சின்தான். அது ஹார்லிகளை வரிசையாகத் தோற்கடித்ததே!

தோற்கடித்தது, ஹார்லிக்கு ‘ஹாக்’, அதாவது பன்றி, என்ற பட்டப்பெயர் உண்டு, அதைக் கொல்வது என்பதுதான் பெயரின் பொருளே. ஆனால் இரண்டு எஞ்சின் இருந்ததால் அது வென்றது என்று நீங்கள் எண்ணினால், அதையும் ஏற்க மாட்டேன். எதிரே நின்ற ஹார்லிகளிலும் இரண்டு எஞ்சின்கள் உண்டு.

டொரொண்டோ அன்பர் மீண்டும்: 1999இல் லாரி மெக்பிரைட் 5.99 விநாடியில் கால் மைலைக் கடந்து, ஆறு விநாடிக்குள் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் ஆனார். அவர் பைக்கில் எத்தனை எஞ்சின்? ஒன்றே ஒன்று. விர்ஜீனியாவில் கிளெம் ஜான்சன் கட்டிய ‘பார்ன் ஜாப்’ என்ற வின்சென்ட் பைக்கிலும் ஒன்றே ஒன்று.

கிளெம் ஜான்சனைப் பற்றி நீங்கள் சொல்வதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உடைந்த பாகத்துக்குப் பதில் அதைவிட வலுவான பாகத்தைத் தாமே செய்துகொள்ளும் பொறுமை அவருக்கு இருந்தது. 1999இன் மெக்பிரைட்டைக் கொண்டு, இரட்டை எஞ்சின் காலமான 1972ஐ அளப்பதைத்தான் ஏற்க முடியாது. 1972இல் கவாசாகி ‘இசட் 1’ அப்போதுதான் வந்தது. நான்கு சிலிண்டர், 903 சிசி, ரோலர் பேரிங்கில் சுழலும் கிராங்க். அந்தக் கிராங்கின் உறுதியை ஆட்கள் உணர்ந்து, அதன்மேல் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரைப் பூட்டத் துணிந்த பிறகுதான் ஒற்றை எஞ்சினின் காலம் வந்தது. ஆக, உங்கள் முடிவு சரி, நீங்கள் குறிக்கும் காலம்தான் தவறு.

நீங்கள் இருவரும் எஞ்சினையே பார்க்கிறீர்கள். எஞ்சினுக்கும் டயருக்கும் நடுவே என்ன இருந்தது என்பதை ஒருவரும் கேட்கவில்லை. 1960களின் நைட்ரோ பைக் கோட்டிலிருந்து புறப்படும் காட்சியை எண்ணிப் பாருங்கள். டயர் பிடிப்பிழந்து சுழன்று, கால் மைல் நெடுகப் புகையைக் கக்கிக்கொண்டே போகும். அந்த டயர்தான் அன்று கிளட்ச். எஞ்சினின் வேகத்துக்கும் சாலையின் வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது தேய்ந்து தேய்ந்து ஈடுசெய்தது. கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஆனால் அந்தப் புகையெல்லாம் வீணான சக்தி.

விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் ஜான் கிரெகரி கட்டி, டி.சி. கிறிஸ்டென்சன் ஓட்டிய ஹாக்ஸ்லேயர் இதை மாற்றியது. இரண்டு நார்ட்டன் கமாண்டோ எஞ்சின்களுக்குப் பின்னால், கார் பந்தயங்களிலிருந்து எடுத்த கருத்தில் செய்த வழுக்கும் கிளட்ச் ஒன்றை வைத்தார்கள். சுழற்சி ஏற ஏற, கிளட்சில் பொருத்திய சிறு எடைகள் வெளிநோக்கி விசிறி, தட்டுகளை மேலும் மேலும் அழுத்தும். புறப்படும்போது தட்டுகள் வழுக்கும், அகன்ற டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவே தட்டுகள் முழுதாகப் பற்றிக்கொள்ளும். தேய வேண்டியது டயர் அன்று, தட்டு என்று முடிவானது. அதற்குப் பிறகு வந்த வேகங்கள் எல்லாமே, டொரொண்டோ நண்பர் சொல்லும் 5.99 உட்பட, இந்தக் கருத்தின் மேல் நிற்பவை.

எங்கள் பைக்கில் அத்தகைய கிளட்சைப் பொருத்திய முதல் பருவம் முழுவதும் நாங்கள் முன்பைவிட மெதுவாகவே ஓடினோம். கிளட்சின் சிறு எடைகள் கூடினால் டயர் சுழன்றது. குறைந்தால் தட்டுகள் வழுக்கிக்கொண்டே போய் நீலமாகக் கருகின. சில கிராம் வாஷர்களைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக ஒரு கோடை கழிந்தது. தட்டின் நிறத்தைப் பார்த்து ஓட்டத்தைப் படிக்க நான் கற்றது அப்போதுதான்.

கோவை அன்பர்: நைட்ரஸ் கிட் பொருத்தினால் இந்த பைக்குகளைப் போல ஓடுமா?

திருப்பூர் அன்பருக்கு அளித்த பதிலைப் படியுங்கள்.

யாழ்ப்பாணம் அன்பர்: அமெரிக்க ஓட்டுநர் ரஸ் காலின்ஸ் மூன்று எஞ்சின் பைக் ஓட்டினார் என்கிறார்களே, மெய்யா?

மெய். மூன்று ஹோண்டா ‘சிபி 750’ எஞ்சின்கள், பன்னிரண்டு சிலிண்டர்கள். 1976இல் ஒஹாயோவின் ஆக்ரனில் அது விபத்தில் நொறுங்கியது. காலின்ஸ் கடுமையாகக் காயமுற்றார். எழுந்து வந்த பிறகு இரண்டு ஹோண்டா எஞ்சின்களை வி வடிவில் இணைத்து, சூப்பர்சார்ஜர் பூட்டி, ‘சார்சரர்’ என்ற பைக்கைக் கட்டினார். 7.30 விநாடி, மணிக்கு 199.55 மைல், அதாவது 321 கிலோமீட்டர். இன்னும் அரை மைல் வேகம் கூடியிருந்தால் 200 ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது.

திருநெல்வேலி அன்பர்: எட்டு சிலிண்டர் செவர்லே கார் எஞ்சினைப் பூட்டி ஓட்டினாரே இ.ஜே. பாட்டர், அவரைப் பற்றி?

துணிச்சலுக்கு அவருக்கு இணையில்லை. ஆயினும் அது கார் எஞ்சின் கதை. நைட்ரோ பைக் வரிசையில் சேராது.

சிங்கப்பூர் அன்பர்: பார்வையாளர்கள் கண்ணீர் விடுவார்கள் என்பது கட்டுக்கதையா?

கட்டுக்கதை அன்று. எரியாத நைட்ரோவோடு நைட்ரிக் அமில ஆவியும் வெளியேறுகிறது. கண் எரியும், தொண்டை அடைக்கும். பைக்கைச் சூடேற்றும்போது அருகில் நிற்கும் நாங்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். இருமிக்கொண்டே மறுபடியும் வேலிக்கு அருகில் வந்து நிற்பவர்களை நான் ஒவ்வொரு வாரமும் பார்த்தேன்.

நாமக்கல் அன்பர்: சிறு அளவில் நைட்ரோ எங்கே வாங்கலாம்? ஸ்கூட்டரில் சோதித்துப் பார்க்க ஆசை.

தம் வண்டியில் முயன்று பார்க்க ஒருவர் கேட்பது இது மூன்றாவது முறை. சொல்ல மாட்டேன். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவில் நைட்ரோமீத்தேன் ஏற்றிய இரண்டு ரயில் டாங்கர்கள், ஒன்று நயாகரா ஃபால்ஸிலும் மற்றொன்று இல்லினாய் மாநிலத்தின் மவுண்ட் புலாஸ்கியிலும், வெடித்துச் சிதறின. இது வெறும் எரிபொருள் என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் அந்த ஆண்டு விழித்துக்கொண்டார்கள். அழுக்குக் கேனில் ஊற்றாதீர்கள், வேறு எந்த இரசாயனத்தையும் சேர்க்காதீர்கள், வீட்டில் வைக்காதீர்கள். மெத்தனால் பகலில் எரிந்தால் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பெங்களூரு அன்பர்: அமெரிக்காவில் நைட்ரோவைத் தடை செய்திருந்தார்களாமே?

அங்கே டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு 1957 முதல் 1963 வரை தடை செய்திருந்தது. அதன் கட்டுப்பாட்டில் இல்லாத தளங்களில் நைட்ரோ ஓடிக்கொண்டேதான் இருந்தது.

மலேசிய அன்பர்: இத்தனை ஆபத்து இருந்தும் அதை நேசித்தீர்களா ஐயா?

நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன். ஆபத்தை நேசித்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1996 செப்டம்பர் 1 அன்று இண்டியானாபொலிஸில் நைட்ரோ பைக் ஓட்டுநர் எல்மர் டிரெட் இறந்த செய்தியைக் கேட்டபோது, அவரை ஒருமுறைகூட நேரில் காணாத நான் இரண்டு நாள் பட்டறைக்குப் போகவில்லை. தம் எஞ்சினைத் தாமே கட்டி, தாமே ஓட்டி, போட்டியாளருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். மெக்பிரைட் போன்றோர் அவரைத் தம் வழிகாட்டி என்றே சொல்வார்கள்.

சென்னை அன்பர்: அடுத்த மாதம் இங்கிலாந்து செல்கிறேன். ஹாக்ஸ்லேயரைப் பார்க்க முடியுமா?

அது பர்மிங்காம் அருகேயுள்ள தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. புறப்படும் முன் காட்சியில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். எல்லோரும் எஞ்சின்கள் இருக்கும் பக்கமாக நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் குனிந்து, பின் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே பாருங்கள். கிளட்ச் அங்கேதான் இருக்கிறது.