எழுத்தா, இலக்கமா, எண்ணா?

கேள்வி: வங்கிச் செயலி ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதுகிறேன். ‘எழுத்து’, ‘எண்’ என்று வரும் இடங்களில் பயனர்கள் குழம்புகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ‘எண்’ என்ற ஒரே சொல்லை மூன்று வேலைக்கு அனுப்புகிறோம், சிக்கலே அதுதான். 0 முதல் 9 வரை தனித்தனியே ஒவ்வொன்றும் இலக்கம். அவை சேர்ந்து நிற்பது எண். எத்தனை என்பதைச் சொல்வது எண்ணிக்கை. “6 எண்களை உள்ளிடுக” என்பதை விட்டுவிட்டு “6 இலக்க ஓடிபியை உள்ளிடுக” என்று எழுதுங்கள். இலங்கையில் ‘தொலைபேசி இலக்கம்’ என்றால் முழு எண்ணும்தான்; அங்குள்ளவர்களும் படிப்பார்களானால், முதலில் வரும் இடத்திலேயே “இலக்கம் (0–9)” என்று காட்டிவிடுவது நல்லது.

எழுத்தும் இலக்கமும் கலந்து வரும்போதுதான் உண்மையான தொல்லை. எழுத்து, இலக்கம், குறி எதுவானாலும் பொதுவாகச் சொல்லக் கணினிக் கலைச்சொல்லில் ‘வரியுரு’ (கேரக்டர்) இருக்கிறது. ஆனால் வங்கி வாடிக்கையாளருக்கு அது புரியாது. ‘இடம்’ என்று எழுதுங்கள், யாருக்கும் விளங்கும். “ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 இடங்கள். முதல் 4 இடங்களில் ஆங்கில எழுத்துகள். 5-ஆம் இடத்தில் எப்போதும் பூஜ்யம். ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்து அல்ல.” இந்தக் கடைசி எச்சரிக்கையை விடவே கூடாது, இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியும். பான் அட்டைக்கும் இதே முறை: 5 எழுத்து, 4 இலக்கம், 1 எழுத்து. ‘பெரிய எழுத்து’ என்றால் அளவில் பெரியது என்றும் படிப்பார்கள். ‘கேப்பிட்டல் எழுத்து’ என்றே போடுங்கள்.

கேள்வி: பெயர்க் கட்டத்தில் 30 எழுத்து வரை இடலாம் என்கிறார்கள். தமிழ்ப் பெயர் பாதியில் நின்றுவிடுகிறதே?
– வாசகர், மதுரை

பதில்: அந்த 30, எழுத்து அல்ல, கணினி சேமிப்பின் அளவான பைட்டாக இருக்கும். ‘மீனாட்சிசுந்தரம்’ நமக்கு 9 எழுத்து. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் அது 16 ஆகிறது. அந்தக் குறிகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 48. முப்பதில் வெட்டினால் ‘மீனாட்சிசு’ மட்டுமே மிஞ்சும். நிரலாளரிடம் “எதை எண்ணுகிறீர்கள்: எழுத்தையா, யூனிகோடு குறியையா, பைட்டையா?” என்று கேளுங்கள். விடை பைட் என்றால் உதவிப் பக்கத்தில் விளக்கம் எழுதிச் சமாளிக்க வேண்டாம். கட்டத்தின் வரம்பைக் கூட்டச் சொல்லுங்கள்.