மிளகாய்க் களிம்பு எரிகிறதே, நிறுத்திவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. விலா ஓரத்தில் அக்கி வந்து, கொப்புளமெல்லாம் ஆறி நான்கு மாதம் ஆகிறது. ஆனால் வலி போகவில்லை, புடவை உரசினாலே துடிக்கிறார். டாக்டர் மாத்திரையோடு, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் கலந்த களிம்பும் எழுதிக் கொடுத்தார். தடவினால் தீயாய் எரிகிறது என்று, வலி அதிகமாகும் ராத்திரிகளில் மட்டும் போட்டுக்கொள்கிறார். வலிக்கு மேல் எரிச்சல் எதற்கு, நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது அம்மா போடும் முறையை மாற்ற வேண்டும். எப்போதாவது ஒருநாள் போட்டால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். இந்த மருந்து பலன் தருவது தொடர்ந்து தடவும்போதுதான்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல வருடம் ஒளிந்திருந்து, பிறகு அக்கியாக வெளிவருகிறது. வரும் வழியில் நரம்பைச் சிதைத்துவிடுகிறது. தோல் ஆறினாலும் சிதைந்த நரம்பு காரணமே இல்லாமல் மூளைக்கு வலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். புடவை உரசுவது வலியாகத் தெரிவது அதனால்தான். அம்மா மிகைப்படுத்திச் சொல்லவில்லை, தயவுசெய்து நம்புங்கள்.

சரி, இதில் மிளகாய்க்கு என்ன வேலை? சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜூலியஸ் ஆய்வகம் 1997-இல் இதற்கு விடை கண்டது. வலியை உணரும் நரம்பணுக்களில் இயங்கும் மரபணுக்களைத் திரட்டி, காரத்தைக் கண்டுகொள்ளாத சாதாரண உயிரணுக்களுக்குள் கூட்டம் கூட்டமாகச் செலுத்தினார்கள். மேலே கேப்சைசினை விட்டு, எந்த உயிரணுவுக்குள் கால்சியம் பாய்கிறது என்று பார்த்தார்கள். பாய்ந்த கூட்டத்தைப் பிரித்துப் பிரித்துச் சலித்ததில் ஒரே ஒரு மரபணு கிடைத்தது. அது உருவாக்கும் புரதம், நரம்பு முனையின் சவ்வில் கதவு மாதிரி உள்ள ஒரு வாயில். பெயர் டி.ஆர்.பி.வி.1. கிட்டத்தட்ட 43 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அதே வாயில் திறக்கிறது என்பதுதான் பெரிய ஆச்சரியம். மிளகாய் நாக்கில் ‘சுடுவது’ கற்பனை இல்லை. நரம்புக்கு இரண்டும் ஒரே செய்திதான். (பறவைகளின் வாயிலில் கேப்சைசின் வேலை செய்யாது. கிளி மிளகாய்ப் பழத்தை நிம்மதியாகத் தின்பது அதனால்தான்.) ஜூலியஸுக்கு 2021-இல் ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்ந்து மருத்துவ நோபல் கிடைத்தது.

வாயில் திறந்ததும் சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன, நரம்பணுவின் மின்நிலை மாறுகிறது, செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது. அம்மா உணரும் எரிச்சல் இது. தினமும் பல வேளை இப்படித் திறக்க வைத்தால், உள்ளே குவியும் கால்சியத்தைத் தாங்காமல் அந்த மெல்லிய முனைகள் சோர்ந்து, தோலிலிருந்து பின்வாங்கிவிடும். வலியும் தணியும். இடையிடையே விட்டுவிட்டால் முனைகள் தேறிவிடும். மறுபடி முதல் நாள் எரிச்சல்தான். அம்மாவுக்கு நடப்பது இதுவே.

வாயிலை அடைத்துவிடும் மருந்தே செய்யலாமே என்று கேட்கலாம். செய்து பார்த்தார்கள். சிலருக்கு உடல் சூடு ஏறியது, சுடுவதையும் சரியாக உணர முடியவில்லை. ஆகவே இப்போதைக்குக் களைக்க வைக்கும் வழிதான் கையில் இருக்கிறது.

டாக்டர் சொன்ன வேளைக் கணக்குப்படி, பெரும்பாலும் நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை, மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தடவிய கை கண்ணில் பட்டால் பாடு பெரும்பாடு. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. கையில் பட்டால் முதலில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடவுவதற்கு முன்னும் பின்னும் வெந்நீர்க் குளியல், ஒத்தடம் இரண்டும் கூடாது. கேப்சைசின் இருக்கும்போது அந்த நரம்பு வாயில் சாதாரண உடல் சூட்டுக்கே திறந்துகொள்ளும், வெந்நீர் பட்டால் கேட்கவே வேண்டாம். வியர்வையும் எரிச்சலைக் கூட்டும், ஃபேன் காற்றில் உட்காரட்டும். புண், கீறல் உள்ள இடத்தில் தடவாதீர்கள், மேலே இறுக்கிக் கட்டவும் வேண்டாம். வீட்டு மிளகாயை அரைத்துப் போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதில் எவ்வளவு காரம் என்று யாருக்கும் தெரியாது, தோல் கொப்பளித்துப்போகும்.

பெரும்பாலோருக்கு முதல் ஒன்றிரண்டு வாரத்தில் எரிச்சல் குறையும். வலி தணிவது தெரிய இன்னும் சில வாரம் ஆகலாம். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தோலில் கொப்புளம் வந்தாலோ, எரிச்சல் துளியும் குறையாமல் தாங்க முடியாமல் போனாலோ களிம்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஒரு மாதம் தவறாமல் போட்டும் பலன் இல்லையென்றால், 8 சதவீத கேப்சைசின் ஒட்டுப்பட்டை அம்மாவுக்குச் சரிப்படுமா என்று அவரிடம் கேளுங்கள். அதை மருத்துவமனையில் வைத்து ஒரு மணி நேரம் ஒட்டி எடுத்துவிடுவார்கள். தினமும் தடவும் தொல்லை இருக்காது.