ஒருவரைத் தவறாக எடைபோட்டுவிட்டோம் என்று எப்போது உணர்ந்தீர்கள்?

மதுரை செல்லூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பாட்டி மல்லிகைப்பூ விற்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் அவரிடம் இரண்டு முழம் வாங்குவேன். போன வருடம் ஒருநாள் நூறு ரூபாய் கொடுத்தேன். ஐம்பதுக்கு உண்டான சில்லறைதான் வந்தது. சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் மீதியைத் தந்தார். அடுத்த மாதமும் அதே கதை. அதற்குப் பிறகு, நான் நீட்டும் நோட்டை விரலால் தடவித் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். கள்ள நோட்டு கொடுக்க வந்தவளா நான் என்று எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாள் வேறு இடத்தில் பூ வாங்கினேன்.

ஒரு சாயங்காலம் மழைக்கு அவர் குடையடியில் ஒதுங்கியபோதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பூவைப் பார்க்காமலேயே கை கட்டிக்கொண்டிருந்தது. அது பழக்கம், பூக்கட்டுகிற பலரும் அப்படித்தான். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவர் நோட்டு கொடுத்ததும், சுருக்குப்பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்து அதன்மேல் வைத்து நீளம் பார்த்தார். புது ஐம்பது நீலம், புது நூறு வெளிர் ஊதா. நூறு 7 மில்லிமீட்டர்தான் கூடுதல் நீளம். கண்புரை முற்றினால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சளாகிவிடும். நீலத்தையும் ஊதாவையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். பாட்டி என்னைச் சோதிக்கவில்லை. தன் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

சரி, இலவசமாகவே ஆபரேஷன் செய்கிறார்களே, வாங்க பாட்டி என்றேன். மாட்டேன் என்றார். நாலைந்து முறை கேட்டும் அதே பதில். பயம், படிப்பில்லாதவர், பிடிவாதம் என்று இரண்டாவது தடவையும் நானே முடிவுகட்டினேன்.

கண் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தியிடம் புலம்பினேன். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய நம்மூர் அரவிந்த் மருத்துவமனையைப் பற்றி அவர் சொன்னார். ஆரம்பத்தில் கிராம முகாம்களில் புரை கண்டுபிடித்து, காசே வேண்டாம் என்று சொல்லியும் நிறையப் பேர் வரவில்லையாம். விசாரித்தால், பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, துணைக்கு ஆளில்லை. அப்புறம்தான் வண்டியில் கூட்டிவந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவதையும் சிகிச்சையோடு சேர்த்தார்கள். "வாங்க வாங்கன்னு கூப்பிட்டியே, ஏன் வரலன்னு கேட்டியா?" என்றார் சித்தி. கேட்கவில்லை.

மறுநாள் பாட்டி பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்து கேட்டேன். "பத்து நாளு எடத்தக் காலியா விட்டா வேற ஆளு வந்து உக்காந்துரும் தாயி. அப்புறம் நான் எங்க போவேன்?" இருபது வருடமாக அந்த நாலடி இடம்தான் அவருக்குச் சோறு. போதாததற்குத் தினமும் கட்டவேண்டிய தண்டல் கடன் வேறு. அதைச் சொல்லும்போது அவர் கை ஒரு கணம் நின்றது.

பக்கத்தில் கீரை விற்கும் அக்கா காதில் அது விழுந்தது. "ஏன் அப்பத்தா, சொன்னா நான் பாத்துக்க மாட்டனா?" என்று தன் சாக்கை இழுத்து அகலமாக விரித்துக் காட்டினார். தண்டலுக்கு நானும் இரண்டு வீட்டாரும் பொறுப்பெடுத்தோம். சொட்டு மருந்து விடுவதற்கு என் மகள் காலையும் மாலையும் போய்வந்தாள்.

வலது கண் ஆகிவிட்டது. இடது கண்ணுக்கு அழகர் திரும்ப மலைக்குப் போகட்டும் என்கிறார். சித்திரையில்தான் மல்லிகை குவியும், விற்பனையும் அப்போதுதான். நான் வற்புறுத்தவில்லை. கீரைக்கார அக்காவிடம் மட்டும் இப்போதே தேதி சொல்லி வைத்திருக்கிறேன்.