மெல்ல அடங்கும் நான்கு உருப்படிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

சங்கீதம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் வசிக்கும் குடும்பம் எங்களுடையது. சண்முகானந்தா அரங்கில் கேட்டுப் பழகிய காது என்னுடையது. சென்ற மாதம், பியானோவில் எட்டாம் கிரேடு முடித்திருக்கும் என் மகளின் வற்புறுத்தலால், நரிமன் பாயிண்ட் என்சிபிஏ அரங்கில் ஓர் ஐரோப்பியக் கலைஞரின் தனிக் கச்சேரிக்குப் போனேன். ஹைடனின் எஃப் மைனர் வேரியேஷன்கள் (ஒரு கருவைப் பலவிதமாக மாற்றி மாற்றி வாசிக்கும் வடிவம்), பிராம்ஸின் ஓபஸ் 118 (ஓபஸ் என்பது படைப்பு எண்; இதில் ஆறு துண்டுகள்), இடைவேளைக்குப் பின் ஆல்பன் பெர்க்கின் சொனாட்டா, பீத்தோவனின் ஓபஸ் 111. மொத்தம் நான்கே உருப்படிகள். பிராம்ஸில் இரண்டாவதாக வந்த துண்டு மட்டும் என்னைக் கலங்க வைத்தது. பெர்க்கை முடித்தவர் எழுந்து வணங்கவும் இல்லை. கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். இறுதியில் எவ்வளவு தட்டியும், கச்சேரி முடிவில் வரும் சிறு உருப்படியான துக்கடா ஒன்றுகூடக் கிடையாது. பியானோவின் மூடியைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். பிறகு பார்த்தால், இதே நான்கை இதே வரிசையில்தான் இந்தப் பருவம் முழுவதும் ஊர் ஊராக வாசிக்கிறாராம். நம் வித்வான்கள் சபையைப் பார்த்து மேடையிலேயே ராகத்தைத் தீர்மானிக்கிறார்கள். எழுதி வைத்த ஸ்வரங்களை எழுதி வைத்த வரிசையில் ஒப்பிப்பதில், மேடையிலேயே கற்பனை செய்து விரிக்கும் மனோதர்மத்துக்கு எங்கே இடம்? மகள் தன் ஆசிரியை நடத்தும் மாணவர் கச்சேரியில் அந்தப் பிராம்ஸ் துண்டை வாசிக்க விரும்புகிறாள். அது பற்றியும் ஏதேனும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், மாட்டுங்கா

அன்புள்ள நண்பருக்கு,

அன்று மாலை நானும் அதே அரங்கில்தான் இருந்தேன் என்பதால் உங்கள் கடிதத்தைச் சற்றுக் கூடுதல் ஆர்வத்துடன் வாசித்தேன். மனோதர்மம் எங்கே என்ற கேள்விக்கு என் பதில் இது: அதில் பெரும்பகுதி, அவர் மேடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, அந்த நான்கைத் தேர்ந்து அந்த வரிசையில் வைத்தபோது செலவழிந்துவிட்டது. நிகழ்ச்சிநிரலே அவருடைய ஆலாபனை என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் நீங்கள் குறையாகச் சொன்ன ஒவ்வொன்றும் அந்த நிரலின் உட்கருத்திலிருந்து பிறந்தது என்பதைக் காட்ட முடியும் என்றே நினைக்கிறேன்.

கைதட்ட வாய்ப்பே தராத கச்சேரி என்று உங்களுக்குத் தோன்றியது சரியான கவனிப்பு. அந்த நான்கு படைப்புகளும் மெதுவாகத்தான் முடிகின்றன. ஹைடன் இறுதிப் பகுதியில் பொங்கியெழுந்து பிறகு அடங்குகிறார். பிராம்ஸின் ஆறாவது துண்டு இருட்டுக்குள் இறங்கி மறைகிறது. பெர்க்கின் சொனாட்டா கேட்டும் கேளாத ஒரு பி மைனர் நாதத்தில் நிற்கிறது. பீத்தோவனின் கடைசி சொனாட்டாவோ, அத்தனை பெரிய பயணத்துக்குப் பிறகு, ஒரு சாதாரண சி மேஜர் நாதத்தைச் சன்னமாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்த கணமே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. வயலினைப் போல அதை இழுத்துப் பிடிக்க வழியில்லை. பெரும்பாலான கச்சேரிகள் இறுதியில் இடிமுழக்கம் செய்து இந்த இயல்பை மறைத்துவிடும். இவர் அந்தத் தேய்வையே மாலை முழுவதும் கேட்க வைத்தார். ஓபஸ் 111இன் பிற்பகுதியில் நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்த ஒலி உங்கள் நினைவில் இருக்கலாம். பியானோவின் அடுத்தடுத்த இரண்டு விசைகளை விடாமல் மாற்றி மாற்றித் தட்டும் டிரில் அது. தேய்ந்துபோகும் ஸ்வரத்தை உயிரோடு வைத்திருக்கப் பியானோவுக்கு இருக்கும் சில வழிகளில் அது ஒன்று.

நம் காதுக்கு எளிதில் பிடிபடாத இன்னொன்று, இந்தச் சங்கீதத்தில் ஆதார சுருதி, அதாவது ஷட்ஜம், நிலையாக நிற்பதில்லை என்பது. பாடகர் ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது நம் சுருதி அளவு) தம்புராவைச் சேர்த்துவிட்டால் மங்களம் வரை அதுதான். ராகமும் தாளமும் மட்டும் அடுத்தடுத்து ஒன்றுபோல் வராமல் பார்த்துக்கொள்வார். பியானோ கலைஞர் உருப்படிக்கு உருப்படி தரையையே மாற்ற வேண்டியிருக்கிறது. நம் கணக்கில் சொன்னால் ஹைடன் நான்கு கட்டை, பிராம்ஸ் ஆறில் தொடங்கி இரண்டரையில் முடிக்கிறார், பெர்க் ஏழு, பீத்தோவன் ஒன்று. ஆறுக்கு இரண்டரை என்ன உறவு என்று பாருங்கள். ஷட்ஜத்துக்குப் பிரதி மத்யமம், ஸ்தாயியின் நட்டநடுவே நிற்கும் ஸ்வரம். சுருதிகளுக்கிடையே அதைவிடத் தொலைவு கிடையாது. உங்களைக் கலங்க வைத்த இரண்டாவது துண்டு ஆறு கட்டையில், ஏ மேஜரில் உள்ள இன்டர்மெட்சோ. பலர் அதை மட்டும் பிரித்தெடுத்துத் துக்கடாவாக வாசிப்பதுண்டு, அழகாகத்தான் இருக்கும். ஆனால் 1893இல், அறுபது வயதில், பிராம்ஸ் அந்த ஆறு துண்டுகளையும் ஒரே எண்ணின் கீழ் வெளியிட்டு கிளாரா ஷூமானுக்குக் காணிக்கையாக்கினார். அந்த ஏ மேஜர் கனிவிலிருந்து எவ்வளவு தூரம் விலகி, கடைசியில் ஈ ஃப்ளாட் மைனரின் குளிருக்குள் போய்ச் சேருகிறோம் என்பது ஆறையும் சேர்த்துக் கேட்டால்தான் உறைக்கிறது.

இனி பெர்க். அவர் எழுந்து வணங்காதது செருக்கினால் அல்ல. பெர்க் முடியும் ஏழு கட்டை, பீத்தோவனின் ஒரு கட்டைக்குக் காகலி நிஷாதம், அதாவது ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே நின்று அதை நோக்கி இழுக்கும் ஸ்வரம். காகலி நிஷாதத்தில் நின்றுவிட்டு ஷட்ஜத்துக்குப் போகாமல் இருந்தால் நமக்கு என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் பீத்தோவன் நேராக ஷட்ஜத்தைத் தொடுவதில்லை; ஈ ஃப்ளாட்டிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு ஒரு பெரும் பாய்ச்சலாக விழுந்துதான் தொடங்குகிறார். அந்த எஃப் ஷார்ப், சற்றுமுன் பெர்க் விட்டுச் சென்ற நாதத்துக்குள்ளேயே இருந்த ஸ்வரம். நடுவில் ஒரு நிமிடம் கைதட்டல் புகுந்திருந்தால் அந்த முடிச்சு அவிழ்ந்திருக்கும். இதில் ஒரு குறும்பும் இருக்கிறது. பெர்க்கின் சொனாட்டா அவருடைய ஓபஸ் 1. பீத்தோவனுடையது அவருடைய 32 சொனாட்டாக்களில் கடைசி. முன்னது ஒரே பகுதி, பின்னது இரண்டே பகுதிகள். மிச்சம் எங்கே என்று மக்கள் கேட்ட இரண்டு படைப்புகளை அவர் அடுத்தடுத்து வைத்திருந்தார்.

ஹைடனைத் தொடக்கத்தில் வைத்த காரணத்தை நான் வீடு திரும்பும் ரயிலில்தான் உணர்ந்தேன். அதில் ஒரே ஷட்ஜத்தின் மேல் மைனரும் மேஜரும் மாறி மாறி வருகின்றன. தோராயமாகச் சொன்னால் கீரவாணியும் சங்கராபரணமும் முறை வைத்துப் பேசிக்கொள்வது போல. கடைசியில் மைனருக்கே அவர் திரும்பிவிடுகிறார். ஓபஸ் 111இலும் அதே இரண்டுதான் ஒரே ஷட்ஜத்தின் மேல் வருகின்றன. ஆனால் பீத்தோவன் மைனரை முதல் பகுதியோடு தீர்த்துவிட்டு, இரண்டாவது பகுதியில் மேஜருக்குள் நுழைந்து, அதிலேயே முடிக்கிறார். இரண்டிலும் வேரியேஷன்கள் உண்டு, இரண்டும் வியன்னாவில் வாழ்ந்து மறைந்தவர்களுடையவை, நடுவில் வந்த பிராம்ஸும் பெர்க்கும் அப்படியே.

வரிசை என்பது மரபாக வந்தது, அதைத் தனி ஒருவர் வடிவமைப்பது செயற்கை என்று நீங்கள் நினைக்கக்கூடும். நாம் கேட்டு வளர்ந்த வர்ணம், கிருதிகள், ராகம் தானம் பல்லவி, துக்கடாக்கள் என்ற பத்ததியையே அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் சென்ற நூற்றாண்டில்தான் வகுத்துக் கொடுத்தார். பியானோவின் தனிக் கச்சேரியும் அவ்வளவு பழையதல்ல. 1840 ஜூன் 9 அன்று லண்டனின் ஹானோவர் ஸ்குவேர் அரங்கில் பியானோ கலைஞர் லிஸ்ட் வாசித்தபோதுதான் அதற்கு ‘ரெசைட்டல்’ என்ற இன்றைய ஆங்கிலப் பெயரே வந்தது. அப்போது திருவையாற்றில் தியாகராஜர் உயிரோடு இருந்தார். அதற்கு முன்பெல்லாம் பாடகர்களும் வாத்தியக் குழுவும் கலந்த கதம்பமாகவே கச்சேரி நடக்கும். பிறகு வடிவம் இறுகியது. 1885-86இல் அன்டன் ரூபின்ஸ்டைன் ஏழு மாலைகளில் பியானோ இசையின் வரலாற்றையே வாசித்துக் காட்டினார். அதில் ஒரு மாலை முழுவதும் பீத்தோவனின் எட்டு சொனாட்டாக்கள். நான்குக்கே நாம் நெளிந்தோம்.

ஒரே நிரலைப் பருவம் முழுவதும் சுமப்பதற்கு நடைமுறைக் காரணங்களும் உண்டு. அரங்கங்கள் வெகு முன்னதாகவே நிரலைக் கேட்டு வாங்கி அச்சிட்டுவிடுகின்றன. மனப்பாடமும் விரல்களும் பக்குவப்பட மாதங்கள் ஆகின்றன. பாடாந்தரம், அதாவது கைவசம் உள்ள உருப்படிகள், எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். பியானோ மேதைகளில் ரிக்டரிடம் பல பத்து நிரல்களுக்கான சரக்கு இருந்தது. அவரும்கூடப் பீத்தோவனின் நான்காவது, ஐந்தாவது கான்சர்ட்டோக்களை (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிப்பவை) தொட்டதே இல்லை. மிக்கலாஞ்செலி மிகச் சிலவற்றையே வாழ்நாளெல்லாம் திருப்பித் திருப்பி வாசித்தார். வாசித்து எட்ட முடிந்ததைவிடப் பெரிதான இசையையே வாசிப்பது என்று ஷ்னாபெல் தன்னைச் சுருக்கிக்கொண்டார். நம் வித்வான் தன் வீணையைக் கையோடு கொண்டுவருகிறார். இவர்களில் பெரும்பாலோருக்கு ஒவ்வொரு ஊரிலும் அறிமுகமில்லாத பியானோ. மும்பையின் ஈரக்காற்றில் அதன் ஒலிப்பலகை உப்பிச் சுருதி ஏறும், சுத்தியலின் கம்பளி நனைந்து நாதம் மங்கும். எந்த இடைவெளியை எவ்வளவு நீட்டுவது, பெடலை எப்போது விடுவது என்பதையெல்லாம் அந்த மாலையில் அந்தப் பியானோவைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மேடை மனோதர்மத்தில் மீந்திருப்பது இவ்வளவு. நம்முடையதை விடக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கும் ஒரு குறை உண்டு. முதல் பாதியில் ஹைடனையும் பிராம்ஸையும் அடுத்தடுத்து வைத்தது, பழகாத சபைக்கு இரக்கமற்ற செயல். இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட ஸ்கார்லாட்டியின் ஒரு சின்ன சொனாட்டாவாவது வைத்திருக்கலாம். துக்கடா தராததை மட்டும் நான் மனமார ஆதரிக்கிறேன். அந்த சி மேஜருக்குப் பிறகு எதை வாசித்தாலும் அது மங்களத்துக்குப் பின் வர்ணம் பாடுவது போலாகியிருக்கும். நாம் விடாமல் தட்டிக்கொண்டிருந்தோம். மூடியைச் சாத்துவதைத் தவிர அவருக்கு வேறு பாஷை இல்லை.

உங்கள் மகளுக்கு: அந்த இன்டர்மெட்சோவைத் தனியாக வாசிப்பதில் தவறில்லை. முன்னால் பாகின் இன்வென்ஷன் என்ற சிறு பயிற்சித் துண்டுகளில் ஏ மைனரில் உள்ளதை, பதின்மூன்றாவதை, வாசிக்கட்டும். அவள் சின்ன வயதில் கற்றதாகவே இருக்கும். அதே ஆறு கட்டையில் மைனர் முடிந்து மேஜர் பிறப்பதை ஆசிரியையின் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களும் கேட்டுவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து எட்டு நிமிடம் போல ஆகும். நடுவில் எழுந்து வணங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் வரிசையில் உட்காரப்போகும் நீங்களும் கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.