இழை: கேள்வியும் பதிலும்

கேள்வி: நார், நூல், இழை மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. நார் உரித்தபடியே கிடைப்பது. வாழைநாரில் அப்படியே பூக் கட்டலாம். நூல் பஞ்சிலிருந்து நூற்றது. அதில் ஒற்றையாக ஓடுவது இழை. அதனால்தான் இரண்டிழை, நான்கிழை என்று எண்ணுகிறோம். மாவைக் கரைத்து, விரல் வழியே ஒழுகவிட்டுக் கோடு கோடாகப் போடுவதும் இழைக்கோலம்தான்.

கேள்வி: 'தவறு இளைத்தான்' என்பதில் நூல் எங்கே வந்தது?

முதலில் எழுத்து: இழைத்தான். இளைத்தல் என்றால் மெலிதல். இழைத்தல் என்றால் செய்தல், அதிலும் கைவேலையாக நுணுக்கிச் செய்தல். தச்சர் மரத்தை இழைக்கிறார், கருவிக்குப் பெயர் இழைப்புளி. தலைவலிக்குச் சுக்கைக் கல்லில் இழைத்துப் பற்றுப் போடுகிறோம். பழந்தமிழில் நகைக்கும் இழை என்று பெயர் உண்டு. சேயிழை, ஆயிழை என்று பெண்ணைச் சொல்வது அந்த நகையை வைத்துத்தான்.

கேள்வி: பாகுக்கு 'ஓரிழைப் பதம்' எனலாமா?

வேண்டாம். அடுப்படியில் வழங்குவது கம்பிப் பதம்.

கேள்வி: மயிரிழையா, நூலிழையா, எதில் தப்பினான்?

இரண்டும் சரி.

கேள்வி: செல்லுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை இலங்கையில் இழைமணி என்கிறார்களே, ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1898இல் ஜெர்மன் ஆய்வாளர் கார்ல் பெண்டா மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரை வைத்தார். கிரேக்கத்தில் மைட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரியான் என்றால் சிறு மணி. நுண்ணோக்கியில் அது சில சமயம் நீண்டும் சில சமயம் உருண்டையாகவும் தெரியும். இழைமணி என்ற ஒரே சொல்லில் இரண்டும் வந்துவிட்டன.

கேள்வி: தமிழ்நாட்டில் படித்த எங்களுக்கு அது விளங்காதே. அங்கே திசுவைப் போய் இழையம் என்பதும் வீண் குழப்பம்.

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திசு என்பது ஆங்கிலச் சொல்லின் ஒலி மட்டும். அந்த ஆங்கிலச் சொல்லே 'நெய்தது' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த நெசவு இழையத்தில் தெரிகிறது, திசுவில் தெரியவில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் இழை என்றால் எது எது என்று எப்படிப் பிரிப்பது?

முன்னால் வரும் சொல் பிரித்துவிடும். கண்ணாடியிழை, பூஞ்சையிழை, பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை. இவற்றில் எதைக் கேட்டு நீங்கள் குழம்பினீர்கள்?

கேள்வி: நூலுக்கும் இழைக்கும் என்ன வித்தியாசம்?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: 'அநீதி இளைத்தனர்' சரியா?

இழைத்தனர். ழகரம். மேலேயே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: திசுவைப் பற்றிக் கேட்டவன்தான். சரி, தேர்வில் இழைமணி என்று எழுதினால் மதிப்பெண் போடுவார்களா?

உங்கள் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதுங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் வடிவம் மறந்துபோனால் இழைமணியை நினைத்துக்கொள்ளுங்கள்.