லான்ஸ்டேல் காலேஜைத் தேடாதீர்கள்

கேள்வி: மகளைப் பார்க்க ஆகஸ்டில் லண்டன் போகிறேன். ஒரே ஒரு நாள் ஆக்ஸ்போர்டுக்கு. அங்கே நடக்கும் 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' என்ற ஆங்கிலத் துப்பறியும் டிவி தொடரின் பரம ரசிகை நான். ஆனால் அதில் வரும் லான்ஸ்டேல் காலேஜ் வரைபடத்திலேயே இல்லையே? எங்கிருந்து தொடங்குவது? பின்னணியில் அடிக்கடி தென்படும் பெரியவர் யார்?

பதில்: இருக்காது. லான்ஸ்டேல் கற்பனைக் கல்லூரி. பேராசிரியர்களை வாராவாரம் கொலைகாரர்களாக்கும் கதைக்கு அதுதான் வசதி. படப்பிடிப்பில் பெரும்பாலும் அந்த வேடம் போட்டது பிரேஸ்நோஸ் கல்லூரி. மோர்ஸின் வீட்டையும் தேடி அலைய வேண்டாம், வெளித்தோற்றத்தை எடுத்தது லண்டன் ஈலிங்கில்.

1987 முதல் 2000 வரை 33 எபிசோடுகள். எல்லா இடத்தையும் பார்க்க நினைத்தால் கால்தான் வலிக்கும். முதல் எபிசோடையும் கடைசி எபிசோடையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு அரை மணி நேர நடைகூட இல்லை.

ரயிலை விட்டு இறங்கி ஜெரிக்கோ பகுதிக்கு நடங்கள். முதல் கதையில் ஆன் ஸ்டேவ்லி குடியிருக்கும் 'கனால் ரீச்' தெரு, உண்மையில் கால்வாய்ப் பக்கம் உள்ள கூம் ரோடு. சின்னஞ்சிறு தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். எதிர்வீட்டில் நடப்பது தெரியாமல் இருக்க முடியாது. ஒளிந்து வேடிக்கை பார்க்கும் ஜார்ஜ் ஜாக்சன் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தெரு கிடைக்காது. அதில் நடித்தவர் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் இரண்டாவது டாக்டரான பேட்ரிக் ட்ரொட்டன். ஜனவரியில் ஒளிபரப்பானது, மார்ச்சில் அவர் காலமானார். குடியிருப்புத் தெரு என்பதால் நீங்களும் ஜாக்சன் மாதிரி ஜன்னலை எட்டிப் பார்க்காதீர்கள்!

அப்புறம் பியூமான்ட் ஸ்ட்ரீட். ஆஷ்மோலியன் மியூசியத்துக்கு எதிரே ராண்டால்ஃப் ஹோட்டல். அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் எபிசோடு நினைவிருக்கிறதா? அந்த ஹோட்டல்தான். அங்கிருந்து பிராட் ஸ்ட்ரீட் வழியாக டர்ல் ஸ்ட்ரீட் திரும்பினால் எக்ஸிடர் கல்லூரி. கடைசி எபிசோடில் தேவாலயத்திலிருந்து இசையமைப்பாளர் ஃபோரேயின் 'ரெக்வியம்' (இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை) கேட்க, மோர்ஸ் சரிந்து விழுவது இதன் முன்முற்றப் புல்வெளியில். பிரேஸ்நோஸ் இரண்டு நிமிட நடைதான். கல்லூரிகளில் பார்வையாளர் நேரம் அடிக்கடி மாறும், சிலவற்றில் கட்டணமும் உண்டு. காலையிலேயே வாசல் பலகையைப் படித்துவிடுங்கள்.

அடிக்கடி பின்னணியில் தென்படும் அந்தப் பெரியவர் யார் என்றும் கேட்டிருந்தீர்கள். கதாசிரியர் காலின் டெக்ஸ்டரேதான்! பெரும்பாலான எபிசோடுகளில் ஒரு நொடியாவது தலைகாட்டியிருக்கிறார்.

நடிகர் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்த குறும்பு, இளம் மோர்ஸின் கதையைச் சொல்லும் 'எண்டெவர்' தொடரில் இருக்கிறது. பத்திரிகை ஆசிரியை டொரோதியா ஃப்ரேஸில் ஆக வருபவர் அபிகெய்ல் தா, மோர்ஸாக நடித்த ஜான் தாவின் மகள். ஆங்கிலத்தில் 'தா' என்றால் பனி உருகுதல், 'ஃப்ரேஸில்' என்றால் ஒருவகைப் பனி. 2012இல் வந்த முதல் கதையில் இளம் மோர்ஸாக நடித்த ஷான் எவன்ஸைப் பார்த்து, முன்பு எங்கேயாவது சந்தித்திருக்கிறோமா என்று கேட்பார். ரயிலில் போகும்போது அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.