டெல்டாவாசிகள் கேட்டார்கள்: போனில் எந்த ஆப் வேண்டும், எது வேண்டாம்?

திருவாரூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆப் பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அண்ணே, சம்பா நட்டிருக்கேன். மழை, நெல் விலை, மேட்டூர் தண்ணி எல்லாத்துக்கும் ஒரே ஆப் போதுமா? (மன்னார்குடி)

முக்கால்வாசிக்குப் போதும். வேளாண் துறையின் உழவன் ஆப் 2018-லிருந்து இருக்கிறது. மானியம், உர இருப்பு, சந்தை விலை, வாடகை இயந்திரம், அணை நீர்மட்டம் என எல்லாம் தமிழிலேயே வரும். மழைக்கு மட்டும் மேகதூத் ஆப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறையும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்துவது. மாவட்டத்துக்கு அடுத்த ஐந்து நாள் மழை, வெப்பம், காற்று எல்லாம் போடுவார்கள். செவ்வாய், வெள்ளியில் பயிர் ஆலோசனை புதுப்பிக்கப்படும். யூரியா போடுகிற அன்று காலையில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், மழையில் உரம் கரைந்து வாய்க்காலுக்குப் போகாமல் தப்பும். ஐப்பசி இடிக்கு தாமினி என்று ஒன்று உண்டு. பக்கத்தில் மின்னல் விழுந்தால் எச்சரிக்கும். வயலில் நிற்கிறவர்களுக்கு அவசியம்.

வாட்ஸ்அப் குழுவில் "பிஎம் கிசான் பணம்" என்று ஒரு ஃபைல் வந்தது. தொட்டதும் இன்ஸ்டால் ஆகிவிட்டது. அப்புறம் மெசேஜ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டேன். பயமாக இருக்கிறது தம்பி. (கும்பகோணம்)

அக்கா, பயப்படுவதில் தப்பில்லை, ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். முதலில் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கிறதா பாருங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யுபிஐ இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு அதிகம்.

வேலை நடக்கிற விதம் இதுதான். ஏபிகே என்று முடிகிற அந்த ஃபைல்தான் ஆப். மெசேஜ் அனுமதி கிடைத்ததும் உங்களுக்கு வரும் ஓடிபி அந்த ஆப்பை ஏவிவிட்ட மோசடிக்காரனுக்கும் போய்விடும். சில ஆப் ஐகானையே மறைத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆப் பட்டியலுக்குப் போய், பெயர் தெரியாததை நீக்குங்கள். நீக்க முடியாமல் அடம்பிடித்தால் 'டிவைஸ் அட்மின்', 'ஆக்சசிபிலிட்டி' இரண்டிலும் அதன் அனுமதியை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் போட்டோக்களைப் பத்திரப்படுத்திவிட்டு ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடலாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வேறு வேஷத்திலும் இதே ஃபைல் வரும். அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருக்கலாம், அவர் போனையும் அவன் பிடித்திருப்பான்.

அப்பாவுக்கு எழுபது வயது. யுபிஐ போட்டுக் கொடுக்கலாமா? (பாபநாசம்)

கொடுங்கள், ஆனால் ஓய்வூதியம் வருகிற கணக்கில் வேண்டாம். தனியாக ஒரு கணக்கு, அதில் மாதச் செலவுக்கு மட்டும் பணம். ஒரே ஒரு பாடம் போதும்: பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது 'பின் போடுங்க, பணம் வரும்' என்றால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். பட்டன் போன்தான் பிடிக்கும் என்றால் *99# என்று டயல் செய்தே யுபிஐ பயன்படுத்தலாம், இன்டர்நெட் வேண்டாம்.

கஜா புயலில் சான்றிதழ் எல்லாம் நனைந்து போனது. டிஜிலாக்கரில் வைத்தால் செல்லுமா? (வேதாரண்யம்)

ஆவணங்களைப் போனிலேயே வைக்கிற அந்த அரசு ஆப்பில் வைத்தால் செல்லும், ஆனால் ஒரு நுணுக்கம். அரசுத் துறையோ கல்வி வாரியமோ நேரடியாக உள்ளே அனுப்புகிற ஆவணம்தான் அசலுக்குச் சமம். நீங்களே படம் எடுத்து ஏற்றியது வெறும் நகல். ஆகவே ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியலை 'இஷ்யூட்' பகுதியில் தேடி இழுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் மயிலாடுதுறையிலிருந்து தஞ்சாவூருக்கு ரயில். கியூவில் நின்று கால் வலிக்கிறது. (கல்லூரி மாணவி)

2025 ஜூலையில் வந்த ரயில்வேயின் ரயில்ஒன் ஆப் போதும் தங்கச்சி. முன்பதிவில்லாத டிக்கெட், சீசன் இரண்டும் அதிலேயே எடுக்கலாம். ரயில் ஏறிய பிறகு எடுக்க நினைக்காதீர்கள், கிளம்பும்போதே வீட்டில் எடுத்துவிடுங்கள். பரிசோதகரிடம் ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற ஆப் நல்லதா? அறுவடை வரைக்கும்தான் தேவை. (நீடாமங்கலம்)

போன் புத்தகத்தையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அந்த நொடியே நீக்குங்கள். கடன் ஆப் அதைத் தொடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்பவன் பின்னால் உங்கள் சம்பந்திக்கே போன் போட்டு மானத்தை வாங்குவான். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைப்பது எவ்வளவோ மேல் ஐயா.

போன் நிறைந்துவிட்டது, எந்த ஆப்பை எடுக்கலாம்? (நன்னிலம்)

ஆப்பை விடுங்கள், வாட்ஸ்அப்பைப் பாருங்கள். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், மேனேஜ் ஸ்டோரேஜ். காலை வணக்க வீடியோக்கள் அங்கேதான் குவிந்திருக்கும். அழித்த கையோடு தானாக டவுன்லோட் ஆவதையும் அணைத்துவிடுங்கள்.